திட்டமும் இடரும்: யார் எதற்குப் பொறுப்பு?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

'திட்டம்' என்னும் சொல் இன்று எல்லோர் நாவிலும் பயில்கின்றது. சங்கத்துக்கு ஒரு சாயச் சாலை அமைப்பது திட்டம். மல்பெரித் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிப்பது திட்டம். இரண்டு மாவட்டங்களுக்கு ஆற்று நீரைக் கொண்டுவந்து ஊட்டுவதும் திட்டமே. இவற்றுள் எதைத் தொடங்கினாலும் நாம் முதலில் செய்வது வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு கடன் கிடைக்கும், எத்தனை மாதத்தில் வேலை முடியும், எவ்வளவு லாபம் வரும் என்று கணக்கிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் இடுகின்றோம். ஆனால் இடையில் என்னென்ன தவறக்கூடும், தவறினால் அதை முதலில் காண வேண்டியவர் யார், கண்டதும் செய்ய வேண்டியவர் யார் என்பதை எழுதி வைக்கும் சங்கங்கள் மிகச் சிலவே.

தவறு நேர்ந்த பிறகு என்ன நடக்கின்றது? பொதுப் பேரவையில் அங்கத்தினர் நிர்வாகக் குழுவைக் கேட்கின்றனர். நிர்வாகக் குழு செயலாளரை நோக்குகின்றது. செயலாளர் ஊழியரைக் காட்டுகின்றார். ஊழியரோ, 'நான் அப்பொழுதே சொன்னேனே, கேட்பவர் யார்?' என்கின்றார். இவர்களுள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பொறுப்பை முன்கூட்டியே பகிர்ந்து எழுதி வைக்காததே குற்றம். அதனை எவ்வாறு பகிர்ந்து எழுதுவது என்பதை, நம் தருமபுரி மாவட்டத்து மக்கள் யாவரும் அறிந்த ஒரு பெரிய திட்டத்தைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. இடர் என்பது யாது?

நடந்துவிட்ட நஷ்டம் இடர் அன்று, அது கணக்கு. நடக்கக்கூடியதாய், ஆனால் இன்னும் நடவாததாய் இருப்பதே இடர். தக்காளி விலை பாலக்கோட்டுச் சந்தையில் விழுந்துவிட்டதாயின் அது நஷ்டம். பறிப்புக் காலத்தில் விழக்கூடும் என்று நடவின்போதே எண்ணுவது இடரைக் காண்பது. நஷ்டத்துக்குக் காரணம் தேடலாம். இடருக்கோ ஆள் தேட வேண்டும்.

ஒவ்வோர் இடரைச் சுற்றியும் நால்வர் நிற்கின்றனர். முதலாமவர் அதனைக் காண்பவர். இரண்டாமவர் அதனைக் கவனித்துத் தணிக்கும் பொறுப்பை ஏற்பவர். மூன்றாமவர் பணமும் அதிகாரமும் வேண்டியபோது தீர்மானிப்பவர். நான்காமவர், இடர் உண்மையிலேயே வந்துவிட்டால் அதன் நஷ்டத்தைத் தாங்குபவர்.

தம் வீட்டுத் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரிடம் இந்த நால்வரும் ஒருவரே. பாவில் இழை அறுவதை அவரே காண்கின்றார். அவரே தறியை நிறுத்துகின்றார். பிணைப்பதா, அந்த இடத்தை ஒதுக்குவதா என்று அவரே தீர்மானிக்கின்றார். சேலையில் குறை விழுந்தால் கூலிக் குறைவும் அவருடையதே. ஆகவேதான் அவர் கண் பாவைவிட்டு அகல்வதில்லை. திட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த நால்வரும் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போகின்றனர். காண்பவர் ஓர் ஊரில், தீர்மானிப்பவர் வேறோர் ஊரில், தாங்குபவர் ஒன்றும் அறியாமல் மற்றோர் ஊரில் என்றாகிவிடுகின்றது. இடர் வளர்வது இந்த இடைவெளியிலேதான்.

2. கண்முன் உள்ள பாடம்: ஒகேனக்கல்

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நிலத்தடியில் கடினப் பாறை உள்ளது. மழை குறைவு. கிணறும் ஆழ்துளைக் குழாயும் இன்றிப் பல ஊர்களுக்கு நீர் இல்லை. அந்த நீரிலோ, பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு என்னும் உப்பு பல இடங்களில் மிகுந்துள்ளது. சிறிதளவு இருந்தால் அது பல்லுக்கு நன்மை செய்யும். மிகுந்தால் கேடு செய்யும். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இந்தியத் தரக் கட்டளை 1 மில்லிகிராமுக்குள் இருப்பதையே ஏற்றதாகக் கொண்டு, வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை இசைகின்றது.

வரம்பு மீறிய நீரைப் பல ஆண்டுகள் அருந்தும் குழந்தைகளுக்கு நிலைப்பற்கள் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறிவிடுகின்றது. பின்னும் மிகுந்த அளவு நீண்ட காலம் உடலிற் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளையாத நிலை உண்டாகின்றது. நம் நாட்டில் இந்நோய் 1937ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் கண்டறிந்து எழுதப்பட்டது. ஏறிய கறை தேய்த்தாலும் போகாது. இறுகிய எலும்பை மருந்தால் நெகிழ்த்த இயலாது. வராமல் தடுப்பதொன்றே வழி.

இதற்காகவே, காவிரி நீரை ஒகேனக்கல்லில் எடுத்துச் சுத்திகரித்து இரு மாவட்டங்களுக்கும் வழங்கும் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் தீட்டப்பட்டது. நிறைவேற்றும் பொறுப்பு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தினுடையது. கடன் உதவி ஜப்பான் நாட்டினுடையது. 2008 பிப்ரவரி 26இல் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013 மே 29இல் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி, அப்போது நகராட்சியாய் இருந்த ஓசூர் ஆகிய மூன்று நகரங்களும், பேரூராட்சிகளும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளும் இதன் எல்லைக்குள் அடங்கின. இத்திட்டத்தின் இடர்களுள் நான்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி நின்ற நால்வர் யாவர் என்று காண்போம்.

3. மேலிடத்துக்குச் செல்ல வேண்டிய இடர்

காவிரி இரு மாநிலங்களுக்கும் உரிய ஆறு. தமிழ்நாடு எடுக்க எண்ணியது ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. குடிநீர். இதற்கு மத்திய அரசின் தடையின்மை 1998ஆம் ஆண்டிலேயே பெறப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும், அடிக்கல் நாட்டிய அடுத்த மாதமே கருநாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. இரு பக்கமும் கிளர்ச்சிகள் நடந்தன. 2008 ஏப்ரல் 5இல் முதலமைச்சர், கருநாடகத்தில் தேர்தல் முடிந்து புதிய அரசு அமையும் வரையில் திட்டம் நிறுத்தி வைக்கப்படும் என்று அறிவித்தார். தேர்தல் அடுத்த மாதமே நடந்தது. பின்னர் திட்டம் தொடர்ந்தது.

வழக்கின் நியாயங்களை எடைபோடுவது இப்பாடத்தின் வேலை அன்று. நாம் கவனிக்க வேண்டுவன இரண்டு. முதலாவது, இந்த இடரைத் தணிக்கும் ஆற்றல் எந்தப் பொறியாளரிடத்தும் இல்லை. குழாயின் விட்டத்தையும் நீரேற்றியின் திறனையும் அறிந்தவர் மாநிலங்களுக்கிடையே எழும் பூசலைத் தீர்க்க வல்லவர் அல்லர். தம் கைக்கு அடங்காத இடரை ஊழியர் மூடி வைத்தல் ஆகாது. அதிகாரம் உள்ளவரிடம் அதனை உயர்த்திச் சேர்ப்பதே அவர் கடமை. இரண்டாவது, 1998இல் எழுதிப் பெற்ற ஓர் இசைவு பத்தாண்டு கழித்துப் பயன்பட்டது. வாய்ப்பேச்சாய்ப் பெற்றிருந்தால் அதனைக் காட்டி வாதிட முடிந்திருக்குமா? பக்கத்து நிலத்தின் வழியே குழாய் கொண்டுபோக அடுத்த பட்டாதாரர் 'சரி' என்று சொன்னதை மட்டும் நம்பி வேலை தொடங்கும் சங்கங்கள் இதனை நினைவிற் கொள்க.

4. பணத்தின் இடர்

அடிக்கல் நாட்டிய காலத்தில் திட்டத்தின் மதிப்பு ரூபாய் 1,334 கோடி. நிறைவேறிய திட்டத்தின் மதிப்பு ரூபாய் 1,928.80 கோடி. ஏற்றம் நூற்றுக்கு ஏறத்தாழ 45. அடிக்கல் முதல் தொடக்கம் வரையில் ஐந்து ஆண்டு மூன்று மாதங்கள் கழிந்தன. காலம் நீள்வதும் வேலையின் அளவு மாறுவதும் எந்தப் பெரிய திட்டத்திலும் உண்டு. அரசு தாங்கிற்று, கடன் கொடுப்போரும் இருந்தனர்.

இதே விகிதத்தை நம் சங்கத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். பத்து லட்ச ரூபாயில் தொடங்கிய கட்டிடம் பதினான்கரை லட்சத்தில் முடிகின்றது. மேற்கொண்டு வேண்டிய நாலரை லட்சம் யார் வீட்டுப் பணம்? அங்கத்தினர் பங்குத் தொகையா, நெசவுக் கூலியில் பிடித்தமா, அடுத்த ஆண்டு நூல் வாங்க வைத்திருந்த பணமா? 'எவ்வளவு ஏறினால் வேலையை நிறுத்திப் பேரவையைக் கேட்க வேண்டும்' என்னும் வரம்பை முதல் நாளிலேயே எழுதாத சங்கத்தில், பாதி எழும்பிய சுவரே அந்தத் தீர்மானத்தைச் செய்துவிடுகின்றது. 'இவ்வளவு போட்டாகிவிட்டது, இனி நிறுத்துவது எப்படி?' என்ற பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இராது. ஆகவே, தாங்கக்கூடிய நஷ்டத்தின் எல்லையை வகுக்க வேண்டியது பொதுப் பேரவை; அந்த எல்லையைக் காவல் காக்க வேண்டியது நிர்வாகக் குழு.

5. தொழில்நுட்பத்தின் இடர்

ஒகேனக்கல் தாழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. தருமபுரி மேட்டு நிலம். ஓசூரோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. நீர் தானே மேடு ஏறாது. மின்விசை கொண்டு படிப்படியாய் ஏற்ற வேண்டும். மின்சாரம் நின்றாலும், நீரேற்றி பழுதுபட்டாலும், நெடுவழிக் குழாய் உடைந்தாலும் கடைசி ஊருக்குத் தண்ணீர் இல்லை. இவ்விடர்களுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதில் ஐயம் இல்லை. நீரேற்றும் நிலையத்தில் முறை வைத்துக் காவல் இருக்கும் ஊழியர் உண்டு. அவருக்கு மேல் பொறியாளர் உண்டு. பழுது உடனே தெரிகின்றது. உடனே புகார் எழுகின்றது. காண்பவர், பொறுப்பேற்பவர், தீர்மானிப்பவர் மூவரும் ஒரு துறைக்குள் இருப்பதால் இவ்வகை இடர் பெரும்பாலும் கவனிக்கப்படுகின்றது.

ஆயினும், திட்டம் திறந்து வைக்கப்பட்ட நாளோடு இவ்விடர் முடிந்துவிடுவதில்லை. 1950களின் இறுதியில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணையில், 2017 நவம்பரில் மதகு ஒன்றின் இரும்புக் கதவு உடைந்தது. தேக்கிய நீரில் பெரும்பகுதியை வெளியேற்ற நேர்ந்தது. கரையோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. அணையைக் கட்டியவர் போய்விடுவர்; கதவின் துரு போவதில்லை. சங்கத்தில் சாயத் தொட்டியோ சொட்டுநீர்க் குழாயோ அமைத்த பின்னர், 'ஆண்டுதோறும் இதனைப் பார்வையிடுபவர் இன்னார்' என்று எழுதாவிடில், முதல் நாள் வைத்த மாலை வாடுவதோடு அந்தப் பொறுப்பும் வாடிவிடும்.

6. கடைசித் தொட்டியின் இடர்

நான்காம் இடரே எல்லாவற்றினும் அரியது. ஆற்று நீர் ஊரின் மேல்நிலைத் தொட்டி வரை வந்துவிட்டது. அதற்கப்பால் வழங்குவது உள்ளாட்சியின் பொறுப்பு. அதே தொட்டிக்குப் பழைய ஆழ்துளைக் குழாயின் இணைப்பும் பல ஊர்களில் உண்டு. ஆற்று நீர் குறையும் நாளில் நிலத்தடி நீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுவதாக இரு மாவட்டங்களிலிருந்தும் செய்திகள் வந்துள்ளன.

கலப்பதால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணக் கணக்கால் அறிவோம். ஆழ்துளை நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளோரைடும், ஆற்று நீரில் 0.4 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் சரிபாதியாய்க் கலந்தால் தொட்டியில் 2.2 மில்லிகிராம், வரம்பைத் தாண்டிவிட்டது. மூன்று பங்கு ஆற்று நீருக்கு ஒரு பங்கு ஆழ்துளை நீர் என்று கலந்தால் 1.3, அப்பொழுதும் ஏற்ற அளவாகிய 1 மில்லிகிராமுக்கு மேலேயே நிற்கின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி ரூபாய் செலவிட்டு மலையேற்றிக் கொண்டுவந்த நன்மையை, கடைசித் தொட்டியில் திருப்பிவிடும் ஒரு வால்வு குறைத்துவிடக்கூடும்.

இதனை அந்தத் தொட்டி இயக்குபவரின் குற்றம் என்று சொல்லி முடித்துவிடலாமா? அவர் நிலையில் நின்று பார்ப்போம். தொட்டி வெறுமையாய் இருந்தால் அன்று காலையே குடங்களுடன் வந்து ஏசுவோர் பலர். தொட்டி நிறைந்து, ஆனால் கலந்திருந்தால் ஏசுவோர் ஒருவரும் இல்லை. ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாவில் தெரியும் சுவையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது; நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி மிகும். கேடு வெளிப்படுவதோ சில ஆண்டுகள் கழித்து, ஒரு குழந்தை நிலைப்பல் முளைத்துச் சிரிக்கும்போது. வெறுந்தொட்டிக்கு அன்றே ஏச்சு. கலந்த தொட்டிக்குப் பத்தாண்டானாலும் ஏச்சில்லை. இந்நிலையில் மனிதர் எவராயினும் தொட்டியை நிரப்பத்தான் செய்வர்.

நால்வரையும் இங்கே தேடிப் பார்ப்போம். காண்பவர் யார்? கண்ணுக்குத் தெரியாததைச் சோதனையின்றிக் காண்பவர் இல்லை. பொறுப்பேற்பவர் யார்? வாரியம் தொட்டி வரையில் என்கின்றது. ஊராட்சி தொட்டி நிரம்பினால் போதும் என்று எண்ணுகின்றது. தீர்மானிப்பவர் யார்? காண்பவர் இல்லாதபோது தீர்மானிக்க வேண்டிய செய்தியே மேலே செல்வதில்லை. தாங்குபவர் யார்? எந்தக் குழுவிலும் இடம் பெறாத, எந்த மனுவிலும் கையொப்பமிடாத ஏழு வயதுக் குழந்தை.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பொதுவிதி ஒன்று உண்டு. கேடு உடனே தெரிந்து, உரத்துப் பேசுவோர் மேல் விழுமாயின், அவ்விடருக்குப் பொறுப்பாளர் தாமே கிடைப்பார். கேடு தாமதமாய் வந்து, பேச இயலாதவர் மேல் விழுமாயின், அவ்விடருக்குப் பொறுப்பாளர் தாமாகக் கிடைக்கமாட்டார். பெயர் சொல்லி நியமித்தாக வேண்டும்.

7. நம்மால் ஆவது

நியமிப்பதற்கு வழியும் உள்ளது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் விதிகளில், ஒவ்வொரு கிராமத்திலும் குடிநீர் மற்றும் துப்புரவுக் குழு ஒன்று அமைக்கவும், ஐந்து பெண்களுக்கேனும் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு உண்டு. சோதனைப் பெட்டி எளியது. நீரில் மருந்து விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அறியலாம். பட்டுக்கூட்டின் நிறத்தையும் நூலின் சாயத்தையும் கண்ணால் மதிப்பிடப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது கடினமான வேலை அன்று.

நம் அங்கத்தினர் இருக்கும் ஊர்களில் மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, தொட்டி நீரைக் குறித்த நாளில் சோதித்து, தேதியும் அளவும் சோதித்தவர் பெயரும் ஓர் ஏட்டில் எழுதி, பள்ளிக்கூடச் சுவரிலும் சங்க வாயிலிலும் ஒட்டச் செய்தல். அளவு 1க்கு மேல் போனால் அன்றே ஊராட்சிக்கும் வாரியத்துக்கும் எழுதுவது இன்னார் என்று பெயர் குறித்தல்.

இரண்டாவது, குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீரைத் தனியே பிரித்தல். நாளொன்றுக்கு ஒருவருக்கு 40 லிட்டர் என்று வகுத்த பழைய ஊரகக் கணக்கில், குடிப்பதற்கு 3 லிட்டர், சமையலுக்கு 5 லிட்டர். மற்ற 32 லிட்டரும் குளிக்கவும் துலக்கவும் துவைக்கவும் ஆகும். ஐந்தில் ஒரு பங்கு நீர் தூயதாயின் குழந்தையின் பல் தப்பும். ஆற்று நீருக்கு ஒரு சிறு தொட்டியும் தனிக் குழாயும், ஆழ்துளை நீருக்கு வேறு தொட்டியும் என்று பிரித்துவிட்டால், ஆற்று நீர் குறையும் நாளிலும் இயக்குபவர் கலக்க வேண்டிய நெருக்கடி இராது.

மூன்றாவது, கிராம சபை கூடும் நாட்களில் அந்த ஏட்டை வாசிக்கக் கேட்டல். வாசிக்கப்படாத ஏடு எழுதப்படாத ஏட்டுக்குச் சமம்.

8. சங்கத்தின் திட்டத்தில் பொறுப்புப் பகிர்வு

இனி நம் சங்கத்துக்குள் வருவோம். ஒரு நெசவாளர் சங்கம் சாயச் சாலை அமைக்க முனைகின்றது என்று வைத்துக்கொள்வோம். இடர் ஏடு ஒன்று திறக்க வேண்டும். அதில் ஒவ்வோர் இடருக்கும் ஐந்து செய்திகள் போதும்: இடர் யாது; காண்பவர் யார்; பொறுப்பேற்பவர் யார்; எந்த அளவு வந்தால் மேலே சொல்ல வேண்டும்; தீர்மானிப்பவர் யார். மாதிரிக்குச் சில காண்போம்.

(அ) நூல் விலை ஏற்றம். கிடங்கு எழுத்தர் திங்கள்தோறும் விலையைக் குறிப்பார். பொறுப்பேற்பவர் செயலாளர். பத்தில் ஒரு பங்கு ஏறினால் அன்றே தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டி வாங்குவதா, ரகத்தை மாற்றுவதா என்று தீர்மானிப்பது நிர்வாகக் குழு.

(ஆ) சாயம் நில்லாமை. காண்பவர் சாயமிடுபவர், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிறு கண்டு நூலைத் துவைத்துப் பார்த்து ஏட்டில் ஒட்டுவார். பொறுப்பேற்பவர் சாயச் சாலை மேற்பார்வையாளர். சாயம் போனால் அத்தொகுதி தறிக்குச் செல்லாமல் தடுக்கும் அதிகாரம் அவருக்கே இருக்க வேண்டும். அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நிலை கூடாது.

(இ) கழிவு நீர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இன்றிச் சாலை இயங்குதல் ஆகாது. இசைவு பெறும் பொறுப்பு செயலாளருடையது. ஆனால் நஷ்டத்தைத் தாங்குபவர் அங்கத்தினர் அல்லர். ஓடையின் கீழ்ப்புறத்து விவசாயி. ஆகவே அவர்களுள் ஒருவரைக் காண்பவராய் நியமித்து, ஏட்டைப் பார்க்கும் உரிமையை அவருக்கு அளித்தல் வேண்டும்.

(ஈ) தீபாவளிக்குள் சரக்கு முடியாமை. காண்பவர் வாரந்தோறும் தறிக் கணக்கு எடுக்கும் ஊழியர். பொறுப்பேற்பவர் செயலாளர். பண்டிகைக்கு எட்டு வாரத்துக்கு முன் பாதிச் சரக்கு வராவிடில் குழு கூட வேண்டும். அதற்குப் பின் கூடிப் பயனில்லை.

இவ்வாறு எழுதும்போது மூன்று பிழைகளைத் தவிர்க்க வேண்டும்.

எல்லா இடருக்கும் 'தலைவர்' என்று எழுதிவிடுவது ஒரு பிழை. இருபது இடருக்கு ஒருவர் பெயர் போடுவது, ஒருவர் பெயரும் போடாததற்கு ஒப்பாகும். ஓர் இடருக்கு ஒரு பெயர். ஒருவர் தலையில் இரண்டு மூன்றுக்கு மேற்படாமை நன்று.

'தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுவது இரண்டாவது பிழை. தணிக்கையாளர் கழிந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கின்றவர். இனி வரப்போவதைக் காவல் காப்பது அவர் வேலை அன்று. ஏடு ஒழுங்காக எழுதப்பட்டு வருகின்றதா என்று அவர் கேட்கலாம். எழுத வேண்டியவர் நாமே.

கெட்ட செய்தி கொண்டுவந்தவரைக் கடிந்து அனுப்புவது மூன்றாவது பிழை. மிகக் கொடியதும் இதுவே. சாயம் போகின்றது என்று சொல்லிய ஊழியரைக் குழுவில் நிற்க வைத்து ஏசினால், அடுத்த தொகுதியில் சாயம் போனாலும் அவர் வாய் திறவார். 'முன்னரே சொன்னவர் மேல் நடவடிக்கை இல்லை; தெரிந்தும் மறைத்தவர் மேலேயே நடவடிக்கை' என்று பேரவையிலேயே தீர்மானம் செய்து வைப்பது நலம்.

பொறுப்பை ஏற்பவருக்கு அதற்கேற்ற அதிகாரமும் வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது. வால்வை மூட அதிகாரமில்லாத ஒருவரைக் கலப்புக்குப் பொறுப்பாக்குவதும், தொகுதியை நிறுத்த அதிகாரமில்லாத மேற்பார்வையாளரைச் சாயத்துக்குப் பொறுப்பாக்குவதும், பிறகு பழி சுமத்த ஓர் ஆளைத் தேடி வைத்துக்கொள்வதேயாகும்.

9. முடிவுரை

ஒகேனக்கல் திட்டம் பெரிய காரியம். இரு மாநிலப் பூசலையும், விலை ஏற்றத்தையும், மேட்டு நிலத்தையும் கடந்து நீர் வந்து சேர்ந்தது. அந்த இடர்களுக்கெல்லாம் பொறுப்பேற்றவர்கள் இருந்தனர். ஆகவே அவை கடக்கப்பட்டன. மீதியிருப்பது நம் ஊர்த் தொட்டியில் உள்ள கடைசி இடர். இரண்டாம் கட்டத் திட்டத்தைப் பற்றிய அறிவிப்புகளும் வந்துள்ள இந்நாளில், எவ்வளவு நீர் மேலும் வந்தாலும் கடைசி வால்வின் அருகே ஒரு பெயர் எழுதப்படவேண்டும் என்பதை மறவாதிருப்போம். அந்தப் பெயர் சென்னையில் எழுதப்படுவது அன்று. நம் கிராம சபையில் நாம் எழுத வேண்டுவது. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும்போது ஓர் ஏடும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கம் கடைசியாகச் செய்த திட்டத்தில் நேர்ந்த ஒரு நஷ்டத்தை எடுத்துக்கொள்க. அதனை முதலில் கண்டவர் யார்? அவர் யாரிடம் சொன்னார்? எத்தனை நாள் கழித்துத் தீர்மானம் ஆயிற்று?

2. நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை நீர் இணைப்புகள் உள்ளன? வால்வைத் திறப்பவர் யார்? எதைத் திறப்பது என்று அவருக்குச் சொல்பவர் யார்?

3. ஆழ்துளை நீரில் 3 மில்லிகிராமும் ஆற்று நீரில் 0.5 மில்லிகிராமும் ஃபுளோரைடு இருப்பின், சரிபாதிக் கலவையில் எவ்வளவு இருக்கும்? அதனைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

4. நம் சங்கத்தில் தாமதமாய் வெளிப்படக்கூடிய இடர் எது? அதனைத் தாங்கப் போகிறவர் நம் கூட்டத்தில் இருக்கின்றாரா?

5. நடப்பு ஆண்டின் திட்டம் ஒன்றுக்கு ஐந்து இடர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இடுக. பெயரிடப்பட்டவருக்கு அதற்கு வேண்டிய அதிகாரம் உண்டா என்று அவரையே கேட்டு அறிக.